பனிக்காட்டில் ஒரு ராஜத்துரோகம்: நார்னியா படத்தில் சிலுவையும் சிநேகமும்

மயிலாப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த நார்னியா படத்தை 9 வயது மகளோடு வீட்டில் பார்த்தீர்கள். சிங்கம் கல்மேசையின்மேல் கட்டப்பட்டுக் கொல்லப்படும் காட்சி வந்தபோது, உடனிருந்த கிறிஸ்தவ நண்பர் ஒருவர் “இது இயேசுவின் கதைதான்” என்றார். உங்கள் மகளோ சிங்கத்துக்காக அழவில்லை. கல்லாகிப்போன டம்னஸ் என்ற ஆட்டுக்கால் மனிதனைப் பார்த்துத்தான் அழுதாள். இது மதப் பிரச்சாரப் படமா, மகள் படத்தின் மையத்தைத் தவறவிட்டுவிட்டாளா, அவளுக்கு எதை எவ்வளவு விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் எதையும் தவறவிடவில்லை என்பதே என் எண்ணம். பெரியவர்களாகிய நாம் கல்மேசையில் தேடும் சிலுவை, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்த ஆட்டுக்கால் மனிதனின் குகை வீட்டில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே நடப்பட்டுவிடுகிறது. அதைப் பார்க்காமல் சிங்கத்தை மட்டும் பார்ப்பவருக்குப் படம் ஒரு விடுகதையாகச் சுருங்கிவிடும் என்று நான் கருதுவதால், பதில் சற்று நீளமாகவே வரும்.

பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். கதையை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1898இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இளமையில் கடவுள் மறுப்பாளராக இருந்தவர். 1931 செப்டம்பரில் ஓர் இரவு, டோல்கீன், ஹியூகோ டைசன் என்ற இரண்டு நண்பர்களோடு கல்லூரி நடைபாதையில் நெடுநேரம் உலவியபடி பேசிய பேச்சே அவரைக் கிறிஸ்தவ நம்பிக்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர் அல்லர், நண்பர்களோடு நடந்து மாறியவர் என்பதை இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு. நார்னியா வரிசையின் முதல் நூல் 1950இல் வெளியானது. அதில் கிறிஸ்தவம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஐயமே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பின்னால் ஒரு கருத்தை ஒளித்துவைக்கும் உருவகக் கதை என்று அதைச் சொல்வதை லூயிஸ் ஏற்கவில்லை. நார்னியாவைப்போல ஓர் உலகம் இருந்து, அதுவும் நம் உலகத்தைப்போலக் கெட்டு, தேவகுமாரன் அங்கும் போய் அதை மீட்க வேண்டியிருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்ற ஊகமே தம் கதை என்று அவர் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். ஊகத்துக்கும் உருவகத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். படத்தைப் பார்க்கும் முறையையே அது மாற்றிவிடும்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்கிறார். தமக்குப் 16 வயதிருக்கும்போதே மனத்தில் ஒரு காட்சி வந்து தங்கிவிட்டதாம்: பனி மூடிய காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துவரும் ஓர் ஆட்டுக்கால் மனிதன். சிங்கம் பல ஆண்டுகள் கழித்தே அந்தக் கதைக்குள் பாய்ந்து வந்தது. ஆக, கதை பிறந்த வரிசையிலும் டம்னஸ் முன்னவர், ஆஸ்லான் என்ற அந்தச் சிங்கம் பின்னவர். உங்கள் மகள் அந்த வரிசையைக் கெடுக்காமல் பார்த்திருக்கிறாள்.

படத்தைப் பொறுத்தவரை, இயக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடம்சன். தயாரித்தவை வால்ட் டிஸ்னி நிறுவனமும் வால்டன் மீடியாவும். லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷாம் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்து மூலக்கதைக்குக் காவல் நின்றார். வெளியீட்டின்போது அமெரிக்கத் தேவாலயங்களைக் குறிவைத்துத் தனியாக விளம்பரம் செய்தார்கள் என்பதும், கிறிஸ்தவ இசைக்கலைஞர்களின் பாடல்களோடு தனித் தொகுப்பு வெளியிட்டார்கள் என்பதும் உண்மை. எனவே, விற்றவர்கள் அதன் சமய முகத்தை நன்றாகவே அறிந்து விற்றார்கள். ஆனால் படத்துக்குள் எந்தப் பாத்திரமும் இயேசு என்ற பெயரைச் சொல்வதில்லை. யாரையும் எதையும் நம்பும்படி கேட்பதில்லை. நம்பிக்கையுள்ள ஒருவர் எழுதிய கதை, நம்பிக்கையை வற்புறுத்தும் கதை ஆகிவிடாது. சைவராகவோ வைணவராகவோ இல்லாதவர்களும் தேவாரத்திலும் திருவாய்மொழியிலும் தோய்கிற ஊரில் வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று.

இனி, உங்கள் நண்பர் சுட்டிய காட்சிக்கு வருகிறேன். ஓர் அலமாரி வழியாக நார்னியா என்ற மாய உலகத்துக்குள் நுழையும் உடன்பிறந்தார் நால்வருள் ஒருவனான எட்மண்ட் என்ற சிறுவன், டர்க்கிஷ் டிலைட் என்னும் மிட்டாய்க்கும் அரியணை ஆசைக்கும் மயங்கித் தன் அண்ணன் பீட்டரையும் அக்காள் சூசனையும் தங்கை லூசியையும் நார்னியாவை ஆளும் வெள்ளைச் சூனியக்காரிக்குக் காட்டிக்கொடுக்கிறான். துரோகி ஒவ்வொருவனுடைய உயிரும் தனக்கே சொந்தம் என்பது ஆதிச் சட்டம் என்று சூனியக்காரி வந்து வழக்குரைக்கிறாள். அவள் சொல்வது பொய் அன்று. ஆஸ்லானும் அதை மறுப்பதில்லை. அவனுக்குப் பதிலாகத் தன்னைத் தருவதாக ஆஸ்லான் அவளோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டு, இரவில் யாருக்கும் சொல்லாமல் புறப்படுகிறது. சூசனும் லூசியும் பின்தொடர்கிறார்கள். கொஞ்ச தூரம் துணைக்கு வரலாம் என்று அனுமதித்து, அவர்கள் கைகளைத் தன் பிடரிமயிரில் வைத்துக்கொண்டு நடக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீடர்களை விழித்திருக்கச் சொல்லியும் அவர்கள் உறங்கிப்போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். லூயிஸின் ஊகத்தில் அந்தக் குறை தீர்க்கப்படுகிறது. இங்கே இரண்டு சிறுமிகள் உறங்காமல் உடன் நடக்கிறார்கள்.

பிறகு நடப்பது, பிடரியை மழித்தல். பெரும்பாலானவர்கள் இதை வெறும் அவமானப்படுத்தலாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் படத்தின் மிக நுட்பமான குறியீடு இதுதான். “தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும், அவர் தம்முடைய வாயைத் திறவாதிருந்தார்” என்று ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. பாடுபடும் ஊழியனைப் பற்றிய அந்தப் பாட்டைக் கிறிஸ்தவர்கள் இயேசுவுக்கு உரியதாகவே படித்துவந்திருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 5ஆம் அதிகாரத்திலோ, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டது என்று அறிவிக்கப்படுகிறது. திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது, அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஓர் ஆட்டுக்குட்டி. சிங்கத்தின் மயிரைக் கத்தரித்த அந்த நொடியில் சிங்கம் ஆடாகிவிடுகிறது. இரண்டு வசனங்களையும் ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றாக்கிவிடுகிறது காட்சி. கர்ஜிக்க முடிந்த விலங்கு கர்ஜிக்காமல் கிடக்கிறது. அதைப் பார்த்துக் கெக்கலிக்கும் கூட்டத்தின் நடுவே, டில்டா ஸ்விண்டன் நடித்த சூனியக்காரி மட்டும் அமைதியாக இருப்பது இன்னும் நடுக்கம் தருகிறது.

விடியலில் மேசை இரண்டாகப் பிளக்கிறது. கல்லில் எழுதிய சட்டத்தை மோசேயின் கற்பலகைகளோடும், பிளவை எருசலேம் தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்ததோடும் பொருத்திப் பார்க்கலாம். உயிர்த்தெழுந்தவரை முதலில் காண்பவர்கள் பெண்களாக இருப்பதும் நற்செய்தி நூல்களின் வழியே வந்தது. சென்னைத் தேவாலயங்களில் உயிர்ப்பு ஞாயிறு அதிகாலை ஆராதனைக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்தக் காட்சியின் வெளிச்சம் யாரும் சொல்லாமலே பழக்கப்பட்டதாக இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தத் தொடங்கினால் வழி தவறும். நீர்நாய்த் தம்பதியர் யார், கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே எப்படி வந்தார் என்று கேட்டால் விடை இல்லை. பல புராணங்களை இப்படி ஒரே பானையில் போட்டதை டோல்கீனே விரும்பவில்லை. எட்மண்டை யூதாஸ் என்பார்கள். யூதாஸ் மீட்கப்படவில்லை, எட்மண்ட் மீட்கப்படுகிறான். மிக முக்கியமான வேறுபாடு இது: கிறிஸ்தவக் கோட்பாட்டில் கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் மரிக்கிறார், ஆஸ்லான் ஒரே ஒரு சிறுவனுக்காக மரிக்கிறது, அதுவும் அவனுக்குத் தெரியாமல். தம் கதையை உருவகம் என்று சொல்லாமல் ஊகம் என்று லூயிஸ் சொன்னதன் பயன் இங்கே விளங்கும். பேரண்ட அளவிலான ஒரு கோட்பாட்டை, பள்ளிக்கூடத்துச் சட்டை போட்ட ஒரு பிள்ளையின் உயிர் என்ற அளவுக்கு அவர் இறக்கிவிட்டார்.

இன்னொரு செய்தி, இறையியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு. இங்கே விலை யாருக்குச் செலுத்தப்படுகிறது? சூனியக்காரிக்கு. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்ற இறையியலாளர் எழுதிய விளக்கத்தின்படி, மனிதன் பட்ட கடன் கடவுளின் மாட்சிக்கு உரியது. பிற்கால மேலைக் கிறிஸ்தவம் பெரும்பாலும் அந்த வழியில் சென்றது. லூயிஸ் எடுத்துக்கொண்டதோ அதற்கும் முந்தைய திருச்சபைத் தந்தையரின் கருத்து: மனிதன் சாத்தானின் பிடியில் பிணையாகக் கிடக்கிறான், அவனை மீட்கும் ஈடாகக் கிறிஸ்து தம்மைத் தருகிறார், வாங்கிய சாத்தானால் வைத்திருக்க முடியாமல் போகிறது. அந்தத் தந்தையருள் ஒருவரான நிசாவின் கிரகோரியார் இதைத் தூண்டிலுக்கு ஒப்பிட்டார். இரையை விழுங்கிய மீன் கொக்கியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. சூனியக்காரி அப்படித்தான் விழுங்கினாள்.

சட்டத்தைக் கருணைக்காகத் தள்ளிவிடலாமே, ஆஸ்லான் ஏன் சண்டையிட்டு எட்மண்டைக் காப்பாற்றவில்லை என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். அவளுக்கு மனுநீதிச் சோழனைச் சொல்லலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலையை நம் ஊரிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். தன் ஒரே மகன் தேரேற்றிக் கன்றைக் கொன்றான் என்றபோது அந்த அரசன் சட்டத்தைத் தளர்த்தவில்லை. ஏவப்பட்ட அமைச்சன் அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விட்டபோது, தானே தேரைச் செலுத்தினான். இழப்பை அரசனே ஏற்றுக்கொண்ட பிறகுதான் கன்றும் மகனும் அமைச்சனும் திருவாரூர்ப் பெருமான் அருளால் எழுந்தார்கள். சட்டமும் நிற்க வேண்டும், உயிரும் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கான விலையை அரசன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு கதைக்கும் பொது. ஒரு வேறுபாட்டையும் மறைக்க வேண்டாம்: சோழன் குற்றம் செய்தவனையே தண்டித்தான், ஆஸ்லான் குற்றவாளியின் இடத்தில் தானே போய்ப் படுத்துக்கொண்டது.

இனி டம்னஸ். இவரைப் பற்றிச் சொல்வதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

விளக்குக் கம்பத்தடியில் லூசியைச் சந்தித்து வீட்டுக்கு அழைத்துப் போகும் டம்னஸ் நல்லவர் அல்லர். அப்போது அவர் சூனியக்காரியிடம் சம்பளம் வாங்கும் ஆள். மனிதப் பிள்ளை எதிர்ப்பட்டால் நயமாகப் பேசி, உறங்கவைத்து, ஒப்படைக்க வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவர் தந்த தேநீரும் கேக்கும் குழலிசையும் விருந்தோம்பல் அல்ல, கண்ணி. பின்னால் எட்மண்டுக்குச் சூனியக்காரி தரும் மிட்டாயும் கண்ணிதான். படம் இந்த இரண்டு விருந்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒரு வீட்டில் கண்ணி விருந்தாக மாறிவிடுகிறது. சூனியக்காரியின் பனிச்சறுக்கு வண்டியிலோ விருந்து கடைசிவரை கண்ணியாகவே இருக்கிறது.

எது மாற்றியது? திரைக்கதை இங்கே நூலைவிட ஒரு படி மேலே போய்விட்டது என்று சொல்வேன். படத்தில் டம்னஸின் வீட்டில் அவர் தந்தையின் படம் இருக்கிறது. அவர் தந்தை வெகுகாலத்துக்கு முன்பு போருக்குப் போனவர். என் அப்பா போரில் இருக்கிறார் என்கிறாள் லூசி. படம் லண்டன்மீது குண்டு பொழியும் 1940ஆம் ஆண்டின் இரவிலிருந்து தொடங்குவதும், அந்தக் குண்டுவீச்சுக்கு நடுவே எட்மண்ட் அப்பாவின் புகைப்படத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடுவதும் காரணத்தோடுதான் என்று இங்கே புரிகிறது. இனம் வேறு, வயது வேறு, உலகமே வேறு. ஆனால் வீட்டில் அப்பா இல்லாத வெறுமை ஒன்று. பரிவு அந்த ஒற்றுமையில் பிறக்கிறது. கடத்த வந்தவர் தேம்புகிறார். தன்னைக் கடத்தவே அழைத்துவந்தார் என்று தெரிந்த பின்னும் லூசி அவருக்குத் தன் கைக்குட்டையைத் தருகிறாள். திருப்பித் தரும்போது, என்னைவிட உங்களுக்கே இது தேவை, வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நஞ்சு பெய்யக் கண்டும் நட்பு கருதி உண்டு அமைபவரே விரும்பத்தக்க நாகரிகம் உடையவர் என்று வள்ளுவர் கண்ணோட்ட அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்வது மிகையான கூற்று என்று எனக்குப் பல காலம் பட்டதுண்டு. ஒரு சிறுமி அதை எளிதாகச் செய்துவிடுவதைப் பார்க்கையில் மிகையாகத் தோன்றவில்லை. லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லியின் முகத்தில் நடிப்பின் சுவடே தெரியாததும் ஒரு காரணம்; பனிக்காட்டுத் தளத்தை அவர் முன்கூட்டிப் பார்க்காதபடி கண்ணைக் கட்டி அழைத்துவந்து படமாக்கினார்களாம்.

டம்னஸுக்கு ஆட்டுக் கால்களும் கொம்புகளும் கொடுத்திருப்பதையும் கவனியுங்கள். பழைய ரோமானியரின் வனதேவதையின் உருவம் அது. இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் சாத்தானை வரைய எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அதே உருவம்தான். கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய கதையில் முதன்முதலாக மனந்திரும்புபவர், பார்த்தால் பிசாசைப்போல இருக்கும் ஒருவர். பிரச்சாரம் செய்ய வந்தவர் இப்படித் தொடங்க மாட்டார்.

அடுத்து நடப்பதற்கு நம் மரபில் ஒரு கனமான எதிர்வாதம் உண்டு: செஞ்சோற்றுக்கடன். உண்ட சோற்றுக்காகக் கும்பகர்ணன் அண்ணனின் குற்றத்தை அறிந்தும் அவன் பக்கமே நின்று மாண்டான்; கர்ணனும் அப்படியே. நாம் அவர்களை இகழ்வதில்லை, கண்ணீர்விடுகிறோம். டம்னஸ் விபீஷணன் வழியில் போகிறார். ஆனால் விபீஷணனுக்கு அடைக்கலம் தர எதிரில் இராமன் இருந்தான். டம்னஸுக்கு முன்னால் இருப்பது, அவருக்கு எந்தப் பாதுகாப்பும் தர முடியாத ஒரு சின்னப் பெண். அவளை விளக்குக் கம்பம்வரை கொண்டுவிட்டு, வரப்போகும் தண்டனைக்காகத் தன் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்.

தண்டனை வருகிறது. பிள்ளைகள் நால்வரும் அவர் வீட்டுக்குப் போகும்போது, சூறையாடப்பட்ட அறையில் ஓநாய்த் தலைவன் ஒட்டிவிட்டுப்போன அறிவிப்பைப் பீட்டர் படிக்கிறான். அரசியின் பகைவருக்கு ஆறுதல் அளித்தது, மனிதரோடு தோழமை கொண்டது ஆகிய செயல்களுக்காக டம்னஸ்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. நட்பே குற்றப்பத்திரிகை! இந்தப் படத்தில் துரோகிகள் இருவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எட்மண்ட் ஆசையால் உடன்பிறந்தாருக்குத் துரோகம் செய்தான்; டம்னஸ் இரக்கத்தால் அரசிக்குத் துரோகம் செய்தார். முதல் துரோகத்துக்கு விலை கொடுக்க ஒரு சிங்கம் வர வேண்டியிருந்தது. இரண்டாவது துரோகத்துக்கான விலையை டம்னஸ் தாமே கொடுத்துவிட்டார். லூசிக்கு நேர வேண்டியது அவருக்கு நேர்ந்தது. அவள் வீட்டுக்குப் போனாள், அவர் கல்லானார். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் என்ற கல்மேசையின் இலக்கணம், அதற்கு வெகுமுன்பே இங்கே எழுதப்பட்டுவிடுகிறது. “ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை” என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். அந்த வசனத்துக்கு இந்தப் படத்தில் விளக்கவுரை ஆஸ்லான் அல்ல, டம்னஸ். ஆஸ்லான் அதற்கும் ஒரு படி மேலே போய், நண்பனாக இராதவனுக்காக, காட்டிக்கொடுத்தவனுக்காக உயிரைத் தருகிறது. பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று பவுல் ரோமருக்கு எழுதியதன் நிழல் அது. முதல் படியை மிதிக்காமல் இரண்டாவது படியில் ஒரு குழந்தையை ஏற்றிவிட முடியாது.

நால்வரும் நார்னியாவில் தங்கிவிடுவதற்குக் காரணமும் இந்த நட்புதான். கேர் பரவேல் என்ற நார்னியா அரண்மனையில் நான்கு அரியணைகள் காத்திருப்பதாகச் சொல்லும் தீர்க்கதரிசனம் அவர்கள் காதில் விழுவது பின்னால். டம்னஸின் வீட்டில் சூசன் திரும்பிப் போய்விட விரும்புகிறாள். மனிதர் ஒருவரோடு இருந்ததற்கே பிடித்துப்போயிருந்தால் நம்மால் என்ன செய்ய முடியும் என்கிறாள். அந்த மனிதர் நான்தான் என்கிறாள் லூசி. ஒரு நாட்டின் விடுதலை அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது.

நூலில் இல்லாத ஒரு காட்சியைப் படம் சேர்த்திருக்கிறது. சூனியக்காரியின் பனிச்சிறையில் எட்மண்டும் டம்னஸும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். உன் தங்கை பத்திரமாக இருக்கிறாளா என்றுதான் டம்னஸ் கேட்கிறார். டம்னஸாக நடித்த ஜேம்ஸ் மெக்காவாயின் குரல் அங்கே மிகவும் தாழ்ந்து ஒலிக்கும். பிறகு சூனியக்காரி வந்து, மிட்டாய்க்காக உன்னைக் காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு இழுத்துச் செல்கிறாள். டம்னஸின் பார்வை எட்மண்ட்மேல் விழும் அந்தக் கணம், சேவல் கூவியபோது இயேசு திரும்பிப் பேதுருவைப் பார்த்ததாக லூக்கா எழுதும் இடத்தை நினைவூட்டுகிறது. இயக்குநர் அதை நினைத்து எடுத்தாரா என்பது முக்கியமில்லை. காட்சியின் வேலை ஒன்றுதான்: எட்மண்டுக்குள் பிறர்மேல் இரக்கத்தை எழுப்புவது. நூலில் இதே வேலையை வேறோர் இடம் செய்கிறது: காட்டில் விருந்துண்ணும் சிறு விலங்குகளைச் சூனியக்காரி கல்லாக்கும்போது, தன்னைத் தவிர இன்னொருவருக்காக எட்மண்ட் முதன்முறையாக வருந்தினான் என்று லூயிஸ் எழுதுகிறார். மனந்திரும்புதலை அச்சத்திலோ பாவ அறிக்கையிலோ தொடங்காமல் பிறர்மேல் கொண்ட இரக்கத்தில் தொடங்கியிருப்பது, நான் அறிந்த எத்தனையோ பிரசங்கங்களைவிட ஆழமானது. மீண்டு வந்த எட்மண்டைப் பற்றி, நடந்ததை அவனிடம் பேச வேண்டியதில்லை என்று ஆஸ்லான் மற்றவர்களிடம் சொல்லி முடித்துவிடுகிறது. மன்னிப்பு என்றால் கூட்டம் கூட்டிச் செய்யும் சடங்காகிவிட்ட காலத்தில் அந்தச் சுருக்கம் எனக்குப் பிடிக்கும்.

கல்லான டம்னஸ்மேல் ஆஸ்லான் ஊதும்போது உயிர் திரும்புகிறது. சீடர்மேல் இயேசு ஊதியதும், எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகளுக்குள் ஆவி புகுந்ததும் கிறிஸ்தவருக்கு நினைவு வரும். நமக்கு அகலிகை நினைவு வராமல் போக மாட்டாள். இரண்டும் வரலாம், ஒன்று மற்றொன்றைத் துரத்த வேண்டியதில்லை. லூசி அந்தக் கற்சிலையைப் பார்த்து உடைந்து அழும் இடத்தில்தான் உங்கள் மகளும் அழுதிருக்கிறாள். தன் அழுகைக்கு அவள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். போர்க்களம் நீண்டுவிட்டது, நூலில் சில பக்கங்களில் முடிவதைத் திரையில் பெருங்காவியமாக்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, உயிர்த்தெழுந்த பின் ஆஸ்லான் தரும் விளக்கம். காலத்தின் விடியலுக்கு முன்பே இருந்த இன்னும் ஆழமான மாயச் சட்டம் ஒன்றைச் சூனியக்காரி அறியவில்லை என்பது நூல். தியாகத்தின் உண்மைப் பொருளை அறிந்திருந்தால் சட்டத்தை அவள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்பது படம். படைப்புக்கும் முந்தியது அன்பு என்ற பெருங்கருத்து, ஒரு சட்ட வாசகத்துக்கான மாற்றுப் பொழிப்புரையாகச் சிறுத்துவிட்டது. இன்னொன்று: சூனியக்காரியைக் கொன்ற பிறகு ஆஸ்லான் பீட்டரிடம் “முடிந்தது” என்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானித்து வளர்ந்தவர்களுக்கு அது ஆறாவது வார்த்தை என்று உடனே தெரியும். சிலுவையில் அது இறக்கும் நொடியில் சொல்லப்பட்டது; இங்கே எதிரியின் பிணத்தருகே நின்று சொல்லப்படுகிறது. கல்மேசையின்மேல் ஒலிக்க வேண்டிய சொல்லைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனவர்கள், வெற்றி எங்கே கிடைத்தது என்பதையே இடம் மாற்றிவிட்டார்கள்.

மகளிடம் எதைச் சொல்வது என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஆஸ்லான் என்றால் இயேசு, மேசை என்றால் சிலுவை என்று பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவள் கதையை மறந்து பட்டியலை வைத்துக்கொள்வாள். அவளே கேட்டால் ஒளிக்கவும் வேண்டாம். இயேசு பிறருக்காக இறந்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள், இந்தக் கதையை எழுதியவரும் நம்பினார், அந்த நம்பிக்கையை ஒரு சிங்கத்தின் கதையாக எண்ணிப் பார்த்தார் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து சாந்தோம் நடக்கும் தூரம்தான். அவள் வகுப்பிலும் ஈஸ்டர் கொண்டாடும் தோழியர் இருப்பார்கள். அந்த நம்பிக்கை அவளுக்கு அந்நியமாக இருக்க வேண்டிய காரணமே இல்லை. அதற்கு முன் நீங்கள் அவளிடம் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. டம்னஸ் ஏன் அழுதார்? ஏமாற்றியவருக்கு லூசி ஏன் கைக்குட்டை கொடுத்தாள்? வீட்டுக்குத் திரும்பினால் பிடிபடுவோம் என்று தெரிந்தும் அவர் ஏன் திரும்பினார்? இந்த மூன்றுக்கும் அவள் தன் சொற்களில் விடை சொல்லிவிட்டால், சிங்கம் ஏன் தானாகப் போய் மேசைமேல் படுத்தது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிராது.

படத்துக்குப் பிறகு நூல்களை வாங்கித் தர எண்ணினால், அலமாரிக் கதையிலிருந்தே தொடங்குங்கள். இப்போதைய பதிப்புகளில் நார்னியா படைக்கப்பட்ட கதையை முதல் எண்ணாக அச்சிடுகிறார்கள். அது 1955இல் வெளியிடப்பட்டது. அதை முதலில் படித்துவிட்டால் விளக்குக் கம்பத்தின் வியப்பு போய்விடும். 1954இல் வந்த குதிரையும் சிறுவனும் பற்றிய நூலில், தலைப்பாகை கட்டிய கருநிறத்து மக்களைக் கொடியவர்களாகச் சித்திரிக்கும் பகுதிகள் உண்டு. அதை மட்டும் அவளோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.